எலைட் டேஞ்சரஸ்: நெடும்பயணத்துக்கு ஆஸ்ப் எக்ஸ்ப்ளோரரைத் தயார் செய்வது எப்படி?

எலைட் டேஞ்சரஸ் என்ற விண்வெளிக் கப்பல் கணினி விளையாட்டில், சூரிய மண்டலத்திலிருந்து பால்வீதியின் மையக் கருந்துளையான சஜிட்டேரியஸ் ஏ* வரை சுமார் 25,900 ஒளியாண்டுகள். ஒரு தாவலுக்கு, அதாவது ஒரு விண்மீனிலிருந்து இன்னொன்றுக்கு ஒரே பாய்ச்சலில், 30 ஒளியாண்டு போகும் கப்பலில் எண்ணூறுக்கும் மேற்பட்ட தாவல்கள் தேவை. அதையே 50 ஆக்கிவிட்டால் ஐந்நூற்றுச் சொச்சத்தில் முடிந்துவிடும். வழியில் பழுது பார்க்கும் நிலையங்கள் அரிது. ஆகவே புறப்படும் முன் கப்பலில் என்ன பொருத்துகிறோம், எதை விட்டுச் செல்கிறோம் என்பதுதான் பாதிப் பயணம்.

கப்பல் வாங்குவது, நிலையத்தில் இறங்குவது, மண்டலத்துக்குள் அதிவேகமாகப் பறக்கும் சூப்பர்குரூஸ் இதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு நேராக வேலைக்கு வருகிறேன். எடுத்துக்காட்டாக ஆஸ்ப் எக்ஸ்ப்ளோரர். சுமார் 66 லட்சம் கிரெடிட் ஆகும். அவ்வளவு இல்லாதவர்கள் 19 லட்சத்துக்குக் கிடைக்கும் டயமண்ட்பேக் எக்ஸ்ப்ளோரரை வாங்கலாம். அதிகம் சூடேறாத, அருமையான கப்பல் அது. ஆனால் அதில் விண்மீனிலிருந்து எரிபொருள் அள்ளும் ஃப்யூல் ஸ்கூப்பைப் பெரிய அளவில் பொருத்த இடமில்லை; அந்த ஒரு காரணத்துக்காகவே என் ஓட்டு ஆஸ்ப்புக்கு.

முதல் படி, அடிப்படைப் பாகங்கள். இந்த விளையாட்டில் எந்தப் பாகத்தையும் ஏ முதல் இ வரை தரம் பிரித்திருக்கிறார்கள். ஏ திறமையானது, டி எடை குறைந்தது. எழுத்துக்கு முன்னால் வரும் எண் பாகத்தின் அளவு. தாவலைச் செய்யும் ஃபிரேம் ஷிஃப்ட் டிரைவ் (எஃப்எஸ்டி) மட்டும் 5ஏ; 2024இல் வந்த, சூப்பர்குரூஸிலும் கூடுதல் வேகம் தரும் எஸ்சிஓ வகை கிடைத்தால் அதுவே நல்லது. த்ரஸ்டர் (உந்துபொறி), லைஃப் சப்போர்ட் (உயிர்காப்பு), பவர் டிஸ்ட்ரிபியூட்டர் (மின் பகிர்வி), சென்சார் நான்கும் டி. 5ஏ சென்சார் 20 டன், 5டி வெறும் 8 டன். வெற்று விண்வெளியில் கூர்மையான சென்சாரை வைத்துக்கொண்டு யாரைத் தேடப் போகிறீர்கள்? ஆயுதங்களைக் கழற்றி விற்றுவிடுங்கள்.

இரண்டாம் படி ஃப்யூல் ஸ்கூப். பலர் எடை கூடுமோ என்று அஞ்சிச் சிறிய ஸ்கூப்பைப் பொருத்துகிறார்கள். ஃப்யூல் ஸ்கூப்புக்கு எடையே கிடையாது! விலை ஒன்றுதான் தடை. முழுத் தாவல் ஒன்றுக்குச் சுமார் 5 டன் எரிபொருள் செலவாகும். 4ஏ ஸ்கூப் நொடிக்கு அதிகபட்சம் 342 கிலோ இழுக்கும். 6ஏ 878 கிலோ. அதாவது பதினைந்து நொடி வேலை ஆறு நொடியில் முடிகிறது. நூற்றுக்கணக்கான தாவல்களுக்கு இதைப் பெருக்கிப் பாருங்கள். பணம் குறைவாக இருந்தால் வேறு எதிலாவது மிச்சம் பிடியுங்கள், இதில் வேண்டாம்.

5ஆம் அளவு இடத்தில், தாவல் தூரத்தைக் கூட்டும் கார்டியன் எஃப்எஸ்டி பூஸ்டர். 1.3 டன் எடைக்கு 10.5 ஒளியாண்டு கூடுதலாகத் தருகிறது. இதற்கு இணையான பாகம் வேறில்லை. ஷீல்டு 3டி போதும். ஆஸ்ப்பின் எடைக்கு அதைவிடச் சிறியது பொருந்தாது. ஷீல்டே வேண்டாம் என்பவர்களோடு நான் உடன்படுவதில்லை. ஈர்ப்பு அதிகமான கோளில் சற்று வேகமாக இறங்கினாலும் கப்பல் நொறுங்கும். கப்பல் போனால் விற்காமல் வைத்திருக்கும் கண்டுபிடிப்புத் தரவுகளும் போய்விடும். மீதி இடங்களில் கோளின் மேற்பரப்பை ஆராயும் டீடெய்ல்டு சர்ஃபேஸ் ஸ்கேனர், கப்பலின் பாகங்களைப் பழுது நீக்கும் ஏஎஃப்எம்யு, விரும்பினால் கோளின் தரையில் ஓட்டும் எஸ்ஆர்வி வண்டிக்கான ஹேங்கர். பழைய வழிகாட்டிகளில், மண்டலத்தில் உள்ள கோள்களைக் கண்டறியும் டிஸ்கவரி ஸ்கேனர் வாங்கச் சொல்லியிருப்பார்கள். 2018 டிசம்பர் அப்டேட் முதல் அது எல்லாக் கப்பலிலும் உள்ளேயே இருக்கிறது.

மூன்றாம் படி மின்சாரம். என்னை அதிக நேரம் உட்கார வைத்தது இதுதான், ஆகவே நிதானமாகப் படியுங்கள். பவர் பிளாண்ட் எப்போதும் ஏ தரமாக இருக்கட்டும், ஏனென்றால் அதுதான் குறைவாகச் சூடேறும். அளவை மட்டும் குறையுங்கள். 5ஏ 10 டன் எடையில் 20.4 மெகாவாட் தரும். 4ஏ 5 டன்னில் 15.6 மெகாவாட் தரும். மேலே சொன்ன பட்டியலுக்கு அது போதும். 3ஏ இன்னும் இலகுவானது, ஆனால் 12 மெகாவாட்தான். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் இயக்க முடியாது.

இங்கே முன்னுரிமை எண்கள் கைகொடுக்கின்றன. வலப்பக்கப் பலகையில் பாகங்களின் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை எண் தரலாம். மின்சாரம் பற்றாவிட்டால் 5ஆம் எண் முதலில் அணையும். த்ரஸ்டர், டிரைவ், லைஃப் சப்போர்ட் மூன்றுக்கும் 1. பூஸ்டருக்கும் 1 கொடுங்கள். இதைத்தான் பலரும் தவற விடுகிறார்கள். பூஸ்டர் அணைந்தால் அது தந்த 10.5 ஒளியாண்டும் உடனே மறைந்துவிடும்; அதை நம்பிப் போட்ட பாதையில் அடுத்த விண்மீன் எட்டாத தூரத்தில் நிற்கும். காரணம் புரியாமல் டிரைவைச் சந்தேகிப்பீர்கள். சரக்குக் கதவு, ஏஎஃப்எம்யு, ஹேங்கர் மூன்றுக்கும் 5 கொடுத்து, தேவைப்படும்வரை அணைத்தே வையுங்கள்.

இவற்றைக் கடையில் நின்றுகொண்டு கணக்கிட வேண்டாம். கோரியோலிஸ், இடிஎஸ்ஒய் இரண்டும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் கணிப்பான்கள். எனக்குப் பிடித்தது இடிஎஸ்ஒய். மின்சாரத்தை முன்னுரிமை வாரியாகப் பிரித்துக் காட்டுவதில் அதுதான் தெளிவு. தாவல் தூரத்தைப் பார்க்கும்போது டேங்க் நிரம்பிய நிலையின் எண்ணை மட்டும் நம்புங்கள். அதிகபட்சம் என்று வரும் எண் டேங்க் ஏறக்குறைய காலியாக இருக்கும்போது கிடைப்பது.

நான்காம் படி, டெசியாட் மண்டலத்தில் இருக்கும், பாகங்களை மேம்படுத்தித் தரும் பொறியாளர் ஃபெலிசிட்டி ஃபார்சீயர். ஆய்வுப் பயணத் தகுதியில் ஸ்கவுட் நிலையை எட்டி, மெட்டா அலாய் என்ற சரக்கில் ஒன்று கொண்டுபோய்க் கொடுத்தால் கதவு திறக்கும். டிரைவின் தாவல் தூரத்தை ஐந்தாம் நிலைவரை உயர்த்தி, கூடவே தூரத்தை இன்னும் சற்றுக் கூட்டும் மாஸ் மேனேஜர் என்ற மாற்றத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்கவுட் தகுதிக்குப் பக்கத்து மண்டலங்களைச் சுற்றி ஸ்கேன் செய்து தரவுகளை விற்றாலே போதும்.

கடைசியாக, பாதை போடும் விண்மீன் வரைபடம். ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம் வகை விண்மீன்களில் மட்டுமே எரிபொருள் அள்ள முடியும். வரைபட வடிகட்டியில் இந்த ஏழையும் குறித்து, பாதைக்கும் அது பொருந்தும்படி அமையுங்கள். எரிபொருள் அள்ள முடியாத பழுப்புக் குள்ள விண்மீன்கள் வரிசையாக வரும் பகுதிகளில் இது உயிரைக் காக்கும்.

சேர்க்கை 1: நியூட்ரான் விண்மீன் பற்றிச் சிலர் கேட்டிருந்தார்கள். அது பீய்ச்சியடிக்கும் கற்றையில் நுழைந்து வெளிவந்தால் அடுத்த தாவல் நான்கு மடங்கு நீளும், ஆனால் ஒவ்வொரு முறையும் டிரைவ் சிறிது பழுதாகும். ஏஎஃப்எம்யு அதற்காகத்தான். சரிசெய்யும் நேரத்தில் அந்தப் பாகம் அணைந்திருக்கும். ஆகவே சூப்பர்குரூஸிலிருந்து வெளியேறி, நின்ற பிறகு தொடங்குங்கள். பவர் பிளாண்டை ஏஎஃப்எம்யுவால் சரிசெய்ய முடியாது. வெள்ளைக் குள்ள விண்மீன் ஒன்றரை மடங்குதான் தரும். அந்த ஆபத்துக்கு அது ஈடாகாது.

சேர்க்கை 2: எரிபொருள் குறைந்து நடுவழியில் நிற்பவர்களுக்கு. பாதையைச் சிக்கன முறைக்கு மாற்றுங்கள். பாதித் தூரத் தாவலுக்கு முழுத் தாவலின் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான எரிபொருளே செலவாகும். ஆகவே பல சிறு தாவல்களில் பக்கத்து விண்மீனை எட்டிவிடலாம். அதுவும் முடியாதென்றால் எரிபொருள் கொண்டுவந்து தரும் ஃப்யூல் ராட்ஸ் என்ற தன்னார்வ வீரர்களை அழையுங்கள். ஆக்ஸிஜன் கடிகாரம் ஓடத் தொடங்கியிருந்தால் முதலில் விளையாட்டின் முதன்மை மெனுவுக்கு வெளியேறி, அங்கிருந்தபடி அவர்களைத் தொடர்புகொள்ளுங்கள்.