முதல் தடவை தனியா ஃபாரின் போறீங்களா? கிளம்புறதுக்கு முன்னாடியே நடக்குற தப்புங்க

பெங்களூர்ல வேலை பாக்குற நம்மாளுங்க நிறைய பேர் இப்ப தனியா சிங்கப்பூர், பாங்காக், துபாய்னு கிளம்புறாங்க, ரொம்ப நல்ல விஷயம், கண்டிப்பா போகணும். எல்லாரும் பயப்படுறது அங்க போய் வழி தெரியாம நின்னா என்ன பண்றதுன்னுதான். ஆனா நான் பாத்த வரைக்கும் பெரிய சிக்கல் எல்லாம் இங்கயே, டிக்கெட் போடும்போதும் பெட்டி கட்டும்போதும்தான் ஆரம்பிக்குது. குடும்பத்தோட போனா யாராவது ஒருத்தர் கவனிச்சு சொல்லிடுவாங்க, தனியா போறப்ப எல்லாத்தையும் நீங்களேதான் ரெண்டு தடவை பாக்கணும்.

முதல்ல பேரு. இது நம்ம தமிழ் ஆளுங்களுக்குன்னே இருக்குற பிரச்சனை. ஸ்கூல் சர்டிஃபிகேட்ல இனிஷியல், ஆதார்ல இனிஷியல் பின்னாடி, பாஸ்போர்ட்ல அப்பா பேரு விரிச்சு சர்நேமா இருக்கும், சில பேருக்கு சர்நேம் கட்டமே காலியா இருக்கும். டிக்கெட் போடுறப்ப ஆதார்ல இருக்குற மாதிரி பழக்கத்துல அடிச்சிடுறாங்க, அது தப்பு, பாஸ்போர்ட்ல எந்த கட்டத்துல என்ன எழுத்து இருக்கோ அதேதான் டிக்கெட்லயும் விசாலயும் வரணும். சர்நேம் காலியா இருந்தா என்ன போடணும்னு ஒவ்வொரு ஏர்லைனும் ஒவ்வொரு மாதிரி சொல்லுவாங்க, சிலது அதே பேர ரெண்டு தடவை போட சொல்லும், அதனால காசு கட்டுறதுக்கு முன்னாடியே அவங்ககிட்ட கேட்டுடுங்க. துபாய் போறவங்க இன்னும் கவனமா இருக்கணும், 2022 நவம்பர்ல யுஏஇ, ஒத்த பேரு மட்டும் இருக்குற பாஸ்போர்ட்டுக்கு விசிட் விசால உள்ள விட மாட்டோம்னு சொல்லிடுச்சு, அப்புறம் அப்பா பேரோ குடும்பப் பேரோ பாஸ்போர்ட்ல இன்னொரு பக்கத்துல இருந்தா போதும்னு தளர்த்துனாங்க. அடிக்கடி வெளிநாடு போற ஐடியா இருந்தா, பேசாம பாஸ்போர்ட்ட ரீ-இஷ்யூ போட்டு சர்நேம சேத்துக்குறதுதான் நிம்மதின்னு நான் சொல்லுவேன். அப்படியே எக்ஸ்பைரியும் பாருங்க, நீங்க போய் இறங்குற நாள்ல இருந்து 6 மாசமாவது மிச்சம் இருக்கணும்னு பல நாடு எதிர்பாக்குது, இல்லன்னா இங்க செக்-இன் கவுண்டர்லயே திருப்பி அனுப்பிடுவாங்க.

அடுத்தது தேதி. பெங்களூர்ல இருந்து கிளம்புற வெளிநாட்டு ஃப்ளைட் நிறைய நடுராத்திரிலதான். டிக்கெட்ல 15ஆம் தேதி 00:40னு போட்டிருந்தா 14ஆம் தேதி நைட் சாப்பிட்டுட்டு வீட்ட விட்டு கிளம்பணும், 15ஆம் தேதி நைட் போய் நின்னா ஃப்ளைட் முந்தின ராத்திரியே போயிருக்கும். எலக்ட்ரானிக் சிட்டிலயோ பிடிஎம்லயோ இருந்து கிளம்புனா சில்க் போர்டு, ஹெப்பால்னு ஊரையே குறுக்க தாண்டணும், அந்த நேரத்தயும் சேத்து 3 மணி நேரம் முன்னாடி டெர்மினல் 2ல இருக்குற மாதிரி பாத்துக்கோங்க, செக்-இன் பொதுவா ஃப்ளைட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே மூடிடுவாங்க.

அப்புறம் இந்த அரைவல் கார்டு, அதாவது அந்த நாட்டுக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி நம்ம விவரத்த குடுக்குற ஃபார்ம். சிங்கப்பூருக்கு எஸ்ஜி அரைவல் கார்டு, மலேசியாவுக்கு எம்டிஏசி, தாய்லாந்துக்கு 2025 மே 1ல இருந்து டிடிஏசி, மூணுமே ஆன்லைன்ல, அங்க போய் இறங்குறதுக்கு முந்தின 3 நாளுக்குள்ள போடணும், மூணுமே ஃப்ரீ. கூகுள்ல தேடுனா மேல வர்றது பாதி காசு கேக்குற டூப்ளிகேட் சைட்தான், காசு கேட்டாலே மூடிட்டு வெளிய வந்துடுங்க, பாஸ்போர்ட் நம்பர அங்க குடுக்காதீங்க.

இப்ப சொல்லப்போறதுதான் இருக்குறதுலயே முக்கியம். நீங்க போறீங்கன்னு தெரிஞ்சதும் பக்கத்து வீட்டு அக்கா, சொந்தக்காரங்க எல்லாரும் "அங்கதான்ப்பா என் பையன் இருக்கான், இந்த சின்ன பார்சல மட்டும் குடுத்துடு"னு வருவாங்க. மறுக்கவே சங்கடமா இருக்கும், தெரியும், ஆனா பிரிச்சு பாக்காம எதையும் வாங்காதீங்க, ஏர்போர்ட்ல தெரியாதவங்க குடுத்தா தொடவே தொடாதீங்க. சிங்கப்பூர்ல 15 கிராமுக்கு மேல ஹெராயின் கடத்துனா மரண தண்டனை வரைக்கும் போகும், உங்க பைல இருந்துச்சுன்னா அது உங்களோடதுன்னுதான் சட்டம் எடுத்துக்கும், எனக்குத் தெரியாதுன்னு நிரூபிக்க வேண்டியது நீங்கதான். அம்மா அரைச்சு குடுக்குற குருமா மசாலால கசகசா இருக்கான்னும் கேட்டுக்கோங்க, நமக்கு அது சமையல் சாமான், ஆனா யுஏஇக்கும் சிங்கப்பூருக்கும் அத கொண்டு போகக்கூடாது. பருப்புப் பொடி பிரச்சனை இல்ல, ஊறுகாயும் தொக்கும் செக்-இன் பெட்டிக்குள்ள வைங்க, பவர் பேங்க் மட்டும் கையில வச்சிருக்குற பைலதான்.

காசு விஷயத்துல ரெண்டு மூணு தப்புதான் திரும்பத் திரும்ப நடக்குது. 2020 அக்டோபர்ல வந்த ஆர்பிஐ ரூல்படி புதுசா குடுக்குற கார்டெல்லாம் இந்தியாவுக்குள்ள மட்டும்தான் வேலை செய்யும், இன்டர்நேஷனல நீங்கதான் பேங்க் ஆப்ல ஆன் பண்ணணும், அத ஹோட்டல் ரிசப்ஷன்ல நின்னுட்டு பண்ணாதீங்க, ஏன்னா ஓடிபி வர்றதுக்கு நம்ம ஊரு சிம்ல ரோமிங் இருக்கணும், அதையும் இங்கயே போட்டுடுங்க. அங்க கார்டு தேய்க்கும்போது மெஷின் ரூபாயா, அந்த ஊர் காசான்னு கேக்கும், ரூபாய்னா கணக்கு புரியும்னு அத அமுக்காதீங்க, அவங்க வைக்கிற ரேட் அநியாயமா இருக்கும், அந்த ஊர் காசுதான் எப்பவும். யுபிஐ இருக்கேன்னு நம்பி வெறுங்கையோட போகாதீங்க, கொஞ்சம் கேஷும் இன்னொரு கார்டும் வேற வேற இடத்துல வைங்க.

பாங்காக்ல சுவர்ணபூமி, டான் முவாங்னு ரெண்டு ஏர்போர்ட் இருக்கு, திரும்பி வர்ற டிக்கெட் எதுல இருந்துன்னு பாத்து வைங்க.

டிராவல் இன்ஷூரன்ஸ் இங்க இருக்கும்போதே எடுத்துடுங்க. பாஸ்போர்ட் காப்பியும் ஃபோட்டோவும் தனியா ஒரு பைல வைங்க, மெயில்லயும் போட்டு வைங்க. பாஸ்போர்ட் தொலைஞ்சா முதல்ல அங்க போலீஸ் ஸ்டேஷன்ல கம்ப்ளைண்ட், அப்புறம் நம்ம இந்திய தூதரகம், அவங்க எமர்ஜென்சி சர்டிஃபிகேட் குடுப்பாங்க, அத வச்சு நேரா ஊருக்குத் திரும்பலாம், அடுத்த நாட்டுக்கெல்லாம் போக முடியாது. அந்த தூதரகத்தோட அட்ரஸயும் நம்பரையும் ஃபோன்ல மட்டும் வைக்காம ஒரு பேப்பர்லயும் எழுதி வைங்க, பாஸ்போர்ட் போற பைல ஃபோனும் சேந்து போக வாய்ப்பிருக்கு.