தலைவலி மாத்திரையும் நான் பண்ணின கூத்தும்
எனக்கு ஒற்றைத் தலைவலி வந்தால் வலியைவிடக் குமட்டல்தான் பெரிய தொல்லை, போட்ட மாத்திரை பத்து நிமிடத்தில் வாஷ்பேசினில் கிடக்கும். அதனால் டாக்டர் வலிக்கு நாப்ராக்சன் 500 மி.கி., குமட்டலுக்கு டோம்பெரிடோன் 10 மி.கி. இரண்டும் சேர்ந்த மாத்திரையை எழுதிக் கொடுத்தார். நன்றாகவே கேட்டது. ஆனால் ஒருநாள் வலி அடங்கவில்லை என்று டிராயரில் கிடந்த டைக்ளோஃபெனாக் ஒன்றையும் வெறும் வயிற்றில் போட்டுத் தொலைத்தேன். இரவெல்லாம் நெஞ்சுக்குக் கீழே மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் எரிச்சல். நாப்ராக்சனும் டைக்ளோஃபெனாக்கும் ஒரே இன வலிமருந்து, சேர்த்துப் போட்டால் வயிற்றுப் புண்ணுக்கு வழி என்று மறுநாள் டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டபோதுதான் தெரிந்தது.

இப்போது பிடரி இறுக ஆரம்பித்ததுமே ரெண்டு வாய் தயிர்சாதம், அப்புறம் மாத்திரை. தாமதித்தால் இரைப்பை மந்தமாகி, மருந்து ரத்தத்தில் ஏறவே நேரமாகும். போட்ட நாளைக் காலண்டரில் வட்டமிடுகிறேன். அடிக்கடி போட்டால் மாத்திரையே தலைவலியைக் கொண்டுவருமாம், மாதம் பத்து நாளைத் தொடவிடாதீங்க என்றார் டாக்டர். டோம்பெரிடோன் சிலருக்கு இதயத் துடிப்பைக் குழப்பும், சில ஆன்டிபயாடிக்கோடு சேர்ந்தால் இன்னும் அதிகம் என்பதால், போன மாதம் தொண்டைக்குக் கிளாரித்ரோமைசின் எழுதப் போன டாக்டரிடம் முதலில் இந்த மாத்திரை அட்டையை நீட்டினேன். பார்த்துவிட்டு வேறு ஆன்டிபயாடிக் எழுதினார்.