தேதிச் சரங்களைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

03/04/2024 என்பது ஏப்ரல் 3ஆ, மார்ச் 4ஆ? அந்தச் சரத்தை, அதாவது எழுத்துத் தொடரை, மட்டும் பார்த்து எந்த நிரலாலும் சொல்ல முடியாது. ஆனாலும் பலர் நான்கைந்து வடிவங்களை ஒரு பட்டியலில் போட்டு, வரிசையாக முயன்று, முதலில் பிழை தராததை ஏற்றுக்கொள்கிறார்கள். அப்போது பட்டியலில் எது மேலே இருக்கிறதோ அதுதான் தேதியைத் தீர்மானிக்கிறது.

பைத்தானின் டேட்யூட்டில் நூலகத்தை நம்பி விட்டாலும் இதேதான். அது வழக்கமாக மாதத்தை முதலில் வைத்துப் படிக்கும். 13/04/2024 வந்தால் சத்தமில்லாமல் 13ஐ நாளாக்கிக்கொள்ளும். நாள் முதலில் வரும் கோப்பு ஒன்றை இப்படிப் படித்தால், 12ஆம் தேதிக்குப் பிந்தையவை எல்லாம் சரியாக இருக்கும். முதல் 12 நாட்களில் மட்டும் நாளும் மாதமும் இடம் மாறியிருக்கும். பெரும்பகுதி சரியாக இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. இதைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன். பைத்தானின் தரவு அட்டவணை நூலகமான பாண்டாஸ், 2.0 பதிப்பு முதல், நெடுவரிசை முழுவதற்கும் ஒரே வடிவத்தை வைத்துப் படிக்கிறது. பொருந்தாவிட்டால் பிழை காட்டும். அந்தப் பிழையை அடக்க, வடிவத்தை 'மிக்ஸ்ட்' (கலப்பு) என்று கொடுத்தால் பழைய ஆபத்து திரும்பி வரும்.

வடிவத்தைத் தரவின் மூலத்தோடு சேர்த்துப் பதிந்து வையுங்கள். தெரியாவிட்டால் நெடுவரிசை முழுவதையும் பாருங்கள்: முதல் எண்ணோ இரண்டாம் எண்ணோ ஓரிடத்திலாவது 12ஐத் தாண்டினால் அது மாதமாக இருக்க முடியாது. அப்படி ஒன்றுமே இல்லையென்றால், அனுப்பியவரைக் கேட்பதுதான் வழி.

ஜாவாவில் தேதி படிக்கும் பழைய வகுப்பான சிம்பிள்டேட்ஃபார்மேட் தரும் சிக்கல் இன்னொரு வகை. 2023 பிப்ரவரி 30ஐக் கொடுத்தால் மார்ச் 2 என்று தரும். நாள்-மாதம்-ஆண்டு வடிவத்தில் 2024-03-10ஐக் கொடுத்தால்கூடப் பிழை இல்லை; கி.பி. 15ஆம் ஆண்டுத் தேதி ஒன்று கிடைக்கும்! ஆகவே இப்படித் தவறான தேதியையும் ஏற்கும் தளர்வு முறையை அணைக்காமல் வடிவங்களை வரிசையாக முயல்வதில் பொருளே இல்லை. புதிய டேட்டைம்ஃபார்மேட்டரும் இயல்பு நிலையில் அந்தப் பிப்ரவரி 30ஐ 28 ஆக்கிவிடும். கண்டிப்பு முறையைக் கேட்டு வாங்க வேண்டும். அந்த முறையில் ஆண்டுக்கு 'ஒய்' எழுத்துக்குப் பதில் 'யு' எழுத்தைப் பயன்படுத்துங்கள்.

ஜாவாஸ்கிரிப்டில் 2024-03-10 என்று தேதி மட்டும் இருந்தால் அது யுடிசி (உலகப் பொது நேரம்) நள்ளிரவு. நேரத்தையும் சேர்த்து மண்டலம் குறிப்பிடாமல் விட்டால் உள்ளூர் நேரம். யுடிசிக்குப் பின்தங்கிய மண்டலங்களில் முன்னது ஒரு நாள் குறைவாகத் தெரியும்.

ஈரிலக்க ஆண்டுகளும் கவனத்துக்குரியவை. பைத்தானில் தேதி படிக்கும் ஸ்ட்ரிப்டைம் செயற்கூறில் 69 என்றால் 1969, 68 என்றால் 2068. பிறந்த தேதிகளில் இது தவறாமல் சிக்கும்.

எப்படிப் படித்தாலும், மூலச் சரத்தைத் தனி நெடுவரிசையில் அப்படியே வைத்திருங்கள். வடிவம் தவறென்று பின்னால் தெரிந்தால் மறுபடி படிக்க அது வேண்டும்.