ஐலா விஸ்கி: புகை அடங்கும்வரை பொறுங்கள்

லஃப்ராய்க் என்ற ஐலா விஸ்கியின் பாட்டிலை முதன்முறை முகர்பவர்கள் பெரும்பாலும் "ஆஸ்பத்திரி வாடை" என்பார்கள், இல்லாவிட்டால் "ரோட்டுக்கு ஊற்றும் தார்" என்பார்கள். இரண்டும் சரிதான். ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையை ஒட்டிய ஐலா தீவில், முளைகட்டிய பார்லியை ஈரம் காயும் முன்பே சூளையில் பரப்பி, அடியில் பீட்டை எரித்துப் புகை காட்டுகிறார்கள். பீட் என்பது சதுப்பில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மட்கிக் கிடக்கும் பாசியும் செடிகொடியும். அது எரியும்போது வரும் ஃபீனால் வகைச் சேர்மங்கள் தானியத்தின் உமியில் ஒட்டிக்கொள்கின்றன. அவற்றில் கிரெசால் மருந்து வாடையையும் தார் வாடையையும் தரும், குவாயகால் விறகுப் புகையைத் தரும். பழைய கார்பாலிக் சோப்பில் இருந்ததும் இதே குடும்பம்தான்.

புகையைக் கண்டுபிடிக்க யாருக்கும் பயிற்சி வேண்டாம், அதுவே வந்து முகத்தில் அறையும். அதற்கு அடியில் இருக்கும் எலுமிச்சைத் தோல், பேரிக்காய், வனிலா, உப்பு, மால்ட்டின் (முளைகட்டி உலர்த்திய பார்லியின்) இனிப்பு ஆகியவற்றைப் பிடிக்கத்தான் முறை தேவை. அந்த முறையில் பாதி, வெறுமனே காத்திருப்பது.

எதை வாங்குவது, எந்த வரிசையில்

விளம்பரங்களில் பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) என்று ஓர் எண்ணைப் பெருமையாகப் போடுவார்கள். ஐலா விஸ்கிகளில் பௌமோர் ஏறக்குறைய 25, லாகவூலின் 35, ஆர்ட்பெக் 55. இது உலர்த்திய மால்ட்டில் இருக்கும் ஃபீனாலின் அளவு. அரைத்து, ஊறவைத்து, காய்ச்சி இறக்குவதற்குள் அதில் பெரும்பகுதி கழிந்துவிடும், பீப்பாயில் வருடங்கள் ஏற ஏற இன்னும் குறையும். ஆக்டோமோர் 8.3 என்ற விஸ்கிக்குப் பயன்படுத்திய மால்ட் 309 பிபிஎம். அதற்காக அது ஆர்ட்பெக்கைப் போல ஐந்து மடங்கு புகையாது. அதைக் காய்ச்சும் ப்ரூக்லாடி வடிசாலையின் செப்புப் பாத்திரங்கள் உயரமானவை, கழுத்து ஒடுங்கியவை. கனமான ஃபீனால்களில் பலவும் அந்த உச்சியைத் தாண்டுவதில்லை.

எண்ணை நம்பக்கூடாது என்பதற்கு இன்னும் நல்ல சாட்சி, கல் ஈலாவும் லாகவூலினும். இரண்டுக்கும் மால்ட் வருவது போர்ட் எலனில் உள்ள ஒரே கூடத்திலிருந்து, புகையேற்றமும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் கல் ஈலா மெல்லியது, சாம்பலும் எலுமிச்சையுமாக இருக்கும். லாகவூலின் கனத்து, எண்ணெய்ப் பசையோடு நாக்கில் படியும். பாத்திரத்தின் வடிவம், காய்ச்சும் வேகம், வடிவதில் எந்தப் பகுதியைப் பிடித்து வைப்பது என்பதெல்லாம் இந்த வித்தியாசத்தைச் செய்கின்றன. பழ வாசனை தரும் எஸ்டர்கள் முதலில் வடியும், ஃபீனால்கள் கடைசிப் பக்கமாகத்தான் கூடும். லஃப்ராய்க்கில் முதல் 45 நிமிடம் வடிவதை ஒதுக்கிவிடுகிறார்கள். அதனால்தான் அதில் பழம் குறைவு, மருந்து அதிகம்.

ஓர் அமர்வுக்கு மூன்று போதும்: கல் ஈலா 12, லாகவூலின் 16, ஆர்ட்பெக் 10 (எண்கள் விஸ்கியின் வயது, வருடங்களில்). ஒவ்வொன்றிலும் 15 முதல் 20 மில்லி. மெல்லியதிலிருந்து கனமானதற்குப் போகவேண்டும். ஆர்ட்பெக்கில் ஆரம்பித்தால் அடுத்து வரும் கல் ஈலா சப்பென்று இருக்கும், குற்றம் அதன்மேல் இருக்காது. பீட் புகை இல்லாத விஸ்கியையும் சேர்த்து ருசிப்பதென்றால் அதற்குத்தான் முதல் இடம்.

அறையும் கிளாஸும்

கொசுவத்தி, சாம்பிராணி, ஊதுவத்தி, தாளிப்பு எதுவும் அந்த அறையில் இருக்கக்கூடாது. புகையைப் புகையால் அளக்க முடியாது. சென்ட் போட்ட கையும் எலுமிச்சை வாசனை லிக்விட் போட்டுக் கழுவிய கிளாஸும் அதே அளவு கெடுக்கும். கிளாஸை வெந்நீரில் மட்டும் அலசி, கவிழ்த்து உலரவிடுங்கள். காரமாகச் சாப்பிட்டிருந்தால் ஒரு மணி நேரம் கழித்துத் தொடங்குங்கள், மிளகாய் எரிச்சலும் ஆல்கஹால் எரிச்சலும் சேர்ந்தால் நாக்குக்கு வேறெதுவும் தெரியாது.

அடி அகன்று வாய் குறுகிய கிளென்கெய்ர்ன் கிளாஸ் வசதி. கிடைக்காவிட்டால் சின்ன ஒயின் கிளாஸ். வாய் அகன்ற டம்ளரில் வாசனை நிற்காது. அறை 30 டிகிரிக்கு மேல் இருந்தால் ஆல்கஹால் ஆவிதான் முதலில் மூக்கைத் தாக்கும். பாட்டிலை ஃப்ரிட்ஜில் வைத்து, 20 டிகிரியை ஒட்டி வந்ததும் எடுங்கள். ஐஸ் வேண்டாம்: பழமும் இனிப்பும் அடங்கி, சாம்பல் கசப்பு மட்டும் மிஞ்சும்.

மூக்கு, பிறகு வாய்

ஊற்றியதும் ஒரு சின்னத் தட்டால் மூடி ஐந்து நிமிடம் விடுங்கள். திறந்து, கிளாஸை மோவாய் அருகே பிடித்து, வாயை லேசாகத் திறந்தபடி சின்னச் சின்னதாக முகருங்கள். ஒயினைச் சுழற்றுவதுபோலச் சுழற்றினால் ஆல்கஹால் கிளம்பி மூக்கு மரத்துவிடும். இரண்டு முறை முகர்ந்துவிட்டு வேறு பக்கம் திரும்பி மூச்சு விடுங்கள், சட்டைக் கையை முகர்ந்தாலும் மூக்கு தெளியும். மறுபடி வாருங்கள்.

பத்து, பதினைந்து நிமிடத்தில் மூக்கு புகைக்குப் பழகிவிடும். இதற்காகத்தான் இவ்வளவு பொறுமையும். ஆர்ட்பெக்கில் தாருக்குக் கீழிருந்து எலுமிச்சை எழும். லாகவூலினில் உலர்திராட்சையும், கறுப்புத் தேயிலை கொதிக்கும் வாசனையும். பேர் தெரியாத வாசனை வந்தால் லேபிளில் உள்ள வார்த்தைகளைத் தேடாமல் உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள்: டிங்ச்சர், பினாயில், கருவாடு, தீயில் சுட்ட கத்தரிக்காய், கிராம்பு, கொட்டாங்கச்சிக் கரி. ஹெதர் பூவைப் பார்த்தே இராதவர் ஹெதர் என்று எழுதிவைத்து என்ன பயன்?

முதல் மிடறு வாயைத் தயார் செய்ய மட்டும், அதை எடைபோடாதீர்கள். இரண்டாவது மிடறு அரை டீஸ்பூன் அளவு. பத்து நொடி நாக்கு முழுக்கப் படரவிட்டு, விழுங்கியதும் வாயை மூடி மூக்கு வழியாக மூச்சு விடுங்கள். புகை முழுசாகத் தெரிவது அந்த மூச்சில்தான்.

தண்ணீர்

ஆல்கஹால் 40, 43 சதவீதம் என்றால் சில சொட்டுகள் போதும். பீப்பாய் வலிமையில், அதாவது தண்ணீர் கலந்து குறைக்காமல் அடைத்தது, உதாரணத்துக்கு 57 சதவீதம் என்றால், 20 மில்லிக்கு ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி. அது 45.6 சதவீதத்துக்கு இறங்கும். ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தினர் 2017-இல் கணினியில் செய்து பார்த்த ஆய்வும் இதையே ஆதரிக்கிறது. ஆல்கஹால் 45 சதவீதம் வரை இருக்கும் கலவையில் குவாயகால் மேற்பரப்புக்கு வருகிறது, 59-க்கு மேல் போனால் உள்ளே இழுபடுகிறது. தண்ணீர் விட்டதும் கலங்கினால் பயப்படவேண்டாம், குளிரவைத்து வடிகட்டாத விஸ்கியில் கொழுப்பு அமில எஸ்டர்கள் பிரிவதுதான் அது. குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் மட்டும் கூடாது. குளோரினும் ஃபீனாலும் சேர்ந்தால் குளோரோஃபீனால். பிறகு மருந்து வாடை விஸ்கியுடையதா தண்ணீருடையதா என்று சொல்ல முடியாது.

குறையா, குணமா

பேண்டேஜ், அயோடின், கடல்பாசி, தார் எல்லாம் குணம். அழுகிய முட்டையும் பற்றவைத்த தீக்குச்சியும் கந்தகம், ஷெர்ரி பீப்பாய்களிலிருந்து அடிக்கடி வருவது. நனைந்த அட்டைப்பெட்டி வாடை பெரும்பாலும் கார்க் கெட்டதால். சந்தேகம் வந்தால் இரண்டு சொட்டை உள்ளங்கையில் தேய்த்து முகருங்கள். ஆல்கஹால் பறந்து மால்ட்டும் புகையும் மட்டும் நிற்கும். காலியான கிளாஸைக் கழுவாமல் வைத்து மறுநாள் முகர்ந்தாலும் அதே கதை: ஃபீனால்கள் ஆல்கஹாலைவிட மெதுவாகவே ஆவியாகும்.

பாட்டிலை நிமிர்த்தியே வையுங்கள், படுக்கவைத்தால் ஆல்கஹால் கார்க்கை அரித்துவிடும். மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போனதும் சின்னக் கண்ணாடி பாட்டிலில் நிரம்ப மாற்றிவிடுங்கள், உள்ளே காற்று அதிகமானால் புகை மங்கிக்கொண்டே போகும்.