வலன்ஸ் பலகை வெட்ட எந்த பிளேட்? பல் குறைந்ததையே கேட்டு வாங்குங்கள்

ஆரையம்பதியில் எங்கள் வீட்டுக் கூரையோரத்தில் கைமரங்களின் முனையை மறைத்து அடித்திருந்த வலன்ஸ் பலகையைக் கறையான் முடித்துவிட்டது. விரலால் அழுத்திப் பார்த்தேன். உள்ளே மரம் இல்லை, பெயின்ற் மட்டும் பலகை வடிவத்தில் நின்றுகொண்டிருந்தது. இந்த முறை மரமே வேண்டாம் என்று ஃபைபர் சீமெந்துப் பலகை வாங்கினேன்.

மச்சான் ஓடாவி. அவர் இல்லாத நேரம் பார்த்து அவருடைய வட்ட வாளை எடுத்து வெட்டத் தொடங்கினேன். அதில் இருந்தது 40 பல் கொண்ட மர பிளேட். ஐந்தாவது வெட்டில் கருகல் வாசம் வந்தது. ஆறாவதில் வாள் நகரவே மறுத்தது. முற்றத்து முருங்கை சாம்பல் பூசியதுபோல் நின்றது. மாலையில் வந்தவர் பிளேட்டைக் கழற்றி வெயிலில் திருப்பிப் பார்த்தார். "மச்சான், நீங்கள் பலகை வெட்டவில்லை. என் பிளேட்டைச் சுவரில் உரசியிருக்கிறீர்கள்" என்றார். உண்மைதான். சீமெந்தும் சிலிக்கா மணலும் மரக்கூழ் நாரும் சேர்ந்ததுதான் அந்தப் பலகை. மணல் எந்தப் பல்லையும் தேய்க்கும்.

படி 1: கையில் இருப்பது என்ன?

கூரையிலிருந்து இறக்கிய பழைய நெளி சீற்றையோ, என்னவென்று தெரியாத பழைய தட்டைச் சீற்றையோ வெட்டப்போகிறீர்கள் என்றால் இந்தப் பதிவு உங்களுக்கானது அல்ல. நம் இலங்கையில் கூரைச் சீற்றுகள் பெரும்பாலும் அஸ்பெஸ்டஸ் கலந்தவை. அதன் தூசி புற்றுநோய் தரக்கூடியது. எந்த பிளேட்டாலும் அதை வெட்டாதீர்கள்.

படி 2: எத்தனை வெட்டு என்று எண்ணுங்கள்

கடைக்குப் போகுமுன் கூரையோரத்தை அளந்து வெட்டுகளை எண்ணிவிடுங்கள். மூன்று நான்கு வெட்டுதான், பலகையும் 8 மில்லிமீற்றருக்கு மேல் தடிப்பு இல்லை என்றால் பிளேட்டே தேவையில்லை. கார்பைட் முனைக் கத்தியால் நேர்விளிம்பு வைத்து ஆழமாகப் பல முறை கீறி, மேசை ஓரத்தில் வைத்து முறித்து, விளிம்பை அரத்தால் தேய்த்தால் போதும். தூசியும் மிகக் குறைவு. தடித்த பலகை இப்படி முறியாது, அதற்கு வாள்தான்.

படி 3: பல்லைப் பாருங்கள்

மரத்துக்குப் பல் கூடக்கூட வெட்டு வழுவழுப்பாக வரும். இந்தப் பழக்கத்தில்தான் எல்லோரும் தவறுகிறோம். ஃபைபர் சீமெந்துக்கு 7 1/4 அங்குல வாளில் 4 அல்லது 6 பல்லே போதும். 10, 12 அங்குல வாள் என்றால் 6 முதல் 8.

காரணம் எளிய கணக்கு. நிமிடத்துக்கு 5,000 சுற்றுச் சுற்றும் வாளில் 4 பல் இருந்தால் நிமிடத்துக்கு 20,000 கடி. 40 பல் என்றால் 2,00,000 கடி. ஒரே வேகத்தில் தள்ளும்போது, பல் கூடினால் ஒவ்வொரு கடியிலும் வருவது மாவாகிவிடுகிறது. பல் குறைந்தால் துகள் பெரிதாகி, கூடுதலான பங்கு காலடியிலேயே விழுகிறது.

அடுத்தது பல்லின் முனை. சாதாரண கார்பைட் முனை இந்தப் பலகையில் விரைவில் மழுங்கும். இதற்கென்றே வருவது செயற்கை வைர முனை. பல்லின் முகத்தில் மெல்லிய கருஞ்சாம்பல் தட்டு ஒட்டியிருந்தால் அதுதான். விலை கார்பைட்டைப்போல் பல மடங்கு. வீடு சுற்றி அடிக்கிறவருக்கு அந்தக் காசு வீண் இல்லை.

மேசன்மார் டைல் வெட்டும் பல்லில்லாத டயமண்ட் பிளேட்டும் இதை வெட்டும். ஆனால் அது வெட்டுவதில்லை, அரைக்கிறது. கிளம்பும் தூசியைப் பார்த்தால் நான் சொல்வது புரியும். வேறு வழியே இல்லாதபோது மட்டும் அது.

படி 4: துளையும் சுற்றும்

பழைய பிளேட்டைக் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள். விட்டமும் நடுத்துளையும் பொருந்த வேண்டும். புதிய பிளேட்டில் எழுதியிருக்கும் உச்சச் சுற்று உங்கள் வாளின் சுற்றைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். இந்தப் பல் பிளேட்டைக் கிரைண்டரில் ஒருபோதும் மாட்டாதீர்கள். சிறிய கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்றளவில் ஓடும். பல் சிக்கினால் கையைத் தேடி வரும்.

படி 5: காற்றைப் பார்த்து நில்லுங்கள்

கச்சான் காற்று வீசும் மாதங்களில் முற்றத்தில் வெட்டினால் தூசி அடுத்த வீட்டுக் கொடித்துணிக்கும் போகும். காற்று உங்கள் முதுகில் படும்படி நின்று வெட்டுங்கள். சிலிக்கா தூசி நுரையீரலில் ஏற்படுத்தும் தழும்பு மாறாது. துணியைக் கட்டிக்கொள்வது போதாது. என்95 முகக்கவசம், கண்ணாடி, காதடைப்பு மூன்றும் வேண்டும். முடிந்ததும் உலர்ந்த விளக்குமாற்றால் கூட்டாதீர்கள், தண்ணீர் தெளித்து அள்ளுங்கள். ஓடும் மின்வாளின் மேல் மட்டும் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

படி 6: முதலில் கழிவுத் துண்டில் ஒரு வெட்டு

பலகையைப் படுக்கையாகத் தூக்கினால் நடுவில் முறியும். விளிம்பு மேலே இருக்க நிறுத்திப் பிடித்துத் தூக்குங்கள். கையில் பிடிக்கும் வட்ட வாளால் வெட்டும்போது நல்ல முகம் கீழே இருக்கட்டும். பல் கீழிருந்து மேலே ஏறுவதால் உடைசல் மேல்பக்கத்தில்தான் வரும். மேசையில் பொருத்திய வாள் என்றால் நல்ல முகம் மேலே. பிளேட் பலகைக்குக் கீழே கால் அங்குலம் மட்டும் நீட்டட்டும். வெட்டு விழும் இடத்துக்கு இருபுறமும் தாங்கு கொடுங்கள். முழு வேகம் வந்த பின்பே பிளேட் பலகையைத் தொடட்டும், தள்ளி அழுத்த வேண்டாம்.

பல் மழுங்கிவிட்டதா என்று பார்க்க, பிளக்கைக் கழற்றிவிட்டுப் பல் முனையை வெளிச்சத்தில் திருப்புங்கள். கூர்மையான விளிம்பில் ஒளி நிற்காது. மழுங்கியதில் வெள்ளைக் கோடாக மின்னும். அன்று மச்சான் வெயிலில் தேடியது இந்தக் கோட்டைத்தான். நாற்பது பல்லிலும் இருந்தது.

வெட்டிய முனை தண்ணீரை உறிஞ்சும். பலகையை மேலே ஏற்றுமுன் அந்த முனைக்கு முதற்பூச்சு அடித்துக் காயவிடுங்கள். மாரி தொடங்கிய பின் ஏணியில் நின்று அதைச் செய்ய முடியாது.