பிங் பதில் வந்தால் மெஷின் ஓடுகிறதா?

எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பி எழுதிய பேட்ச் ஃபைலைப் (விண்டோஸ் கட்டளைகளை வரிசையாக ஓட்டும் ஃபைல்) போன வாரம் பார்த்தேன். எந்தெந்த மெஷின் ஓடுகிறது என்று பார்ப்பதற்காக எழுதியது. மெஷின் பட்டியல், ஒரு ஃபார் லூப், உள்ளே பிங் (மெஷினுக்கு ஒரு சின்னச் செய்தி அனுப்பி, பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை), கீழே எர்ரர்லெவல் (கட்டளை முடிந்ததும் விட்டுச்செல்லும் எண், பூஜ்யம் என்றால் வெற்றி) பூஜ்யமா என்ற சோதனை. ஒரு காலத்தில் நான் எழுதியது அப்படியே திரும்பி வந்திருந்தது. எழுத்துப்பிழைகளை விடுங்கள், ஓட்டினால் தானே தெரிந்துவிடும். மற்ற தவறுகளைக் கீழே சொல்கிறேன்.

எர்ரர்லெவலை நம்புவது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல்தான். விண்டோஸில் 'ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட்' என்று வந்தால் எர்ரர்லெவல் 1, சிக்கலில்லை. ஆனால் அணைந்து கிடக்கும் மெஷின் உங்கள் சப்நெட்டிலேயே (ரவுட்டரைத் தாண்டாத அதே நெட்வொர்க்கில்) இருந்தால், 'இந்த ஐபி யாருடையது?' என்ற ஏஆர்பி கேள்விக்கு யாரும் வாய் திறக்க மாட்டார்கள். உடனே பிங் போட்ட மெஷினே, தன் சொந்த ஐபியிலிருந்து 'டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும். அதையும் விண்டோஸ் பதில் கணக்கில் சேர்த்துவிடும். 4 போனது, 4 வந்தது, இழப்பு 0%, எர்ரர்லெவல் 0!

எங்கள் பேக்கப் மெஷினின் பவர் சப்ளை ஒரு வெள்ளிக்கிழமை இரவு போனது. திங்கள் காலை வரை என் ஸ்கிரிப்ட் 'ஓகே, ஓகே' என்று லாகில் எழுதிக்கொண்டே இருந்தது. கணக்குப் பிரிவில் அழிந்துபோன ஒரு எக்செல் ஃபைலைக் கேட்டு வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அன்று வாங்கிய திட்டு இங்கே வேண்டாம்.

அவுட்புட்டில் 'டிடிஎல்=' இருக்கிறதா என்று ஃபைண்ட் கட்டளையில் தேடுங்கள். உண்மையான பதிலில்தான் அது இருக்கும். சமக்குறி முக்கியம், 'டிடிஎல் எக்ஸ்பயர்ட்' என்ற பிழைச் செய்தியும் உண்டு. தம்பியின் ஃபைலில் இதைச் சேர்த்ததும், ஓடிக்கொண்டிருந்த இரண்டு மெஷின்கள் 'இல்லை' என்று வந்தன. மெஷினின் பெயர் ஐபிவி6 (புதிய வகை ஐபி) முகவரிக்குப் போயிருந்தது. அந்தப் பதிலில் விண்டோஸ் டிடிஎல்லைக் காட்டாது. பழைய ஐபிவி4-ஐயே கேட்கச் சொல்லும் ஹைபன் 4 போட்டதும் சரியானது.

ஸ்கிரிப்டுக்கு பிங்.பேட் என்று பெயர் வைப்பது

உள்ளே இருக்கும் 'பிங்' உண்மையான பிங்கைக் கூப்பிடாது, ஸ்கிரிப்ட் தன்னையே கூப்பிட்டுக்கொண்டு கிடக்கும்.

லினக்ஸில் எண்ணிக்கை சொல்லாமல் விடுவது

நிறுத்தும்வரை நிற்காது. கிரானில் (குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் வசதி) போடுமுன், எண்ணிக்கை சொல்ல ஹைபன் சி.

டைம்அவுட் அலகு

பதிலுக்கு எவ்வளவு நேரம் காத்திருப்பது என்ற எண், விண்டோஸில் மில்லிசெகண்ட், லினக்ஸில் செகண்ட். 1000 என்பதை அப்படியே காப்பியடித்தால், செத்த மெஷின் ஒவ்வொன்றுக்கும் கால் மணி நேரத்துக்கு மேல் காத்திருப்பீர்கள்.

பிங் மட்டுமே போதும் என்பது

ஃபயர்வால் ஐசிஎம்பியைத் (பிங் பயன்படுத்தும் நெறிமுறை) தடுத்தால், நன்றாக ஓடும் மெஷினும் பேசாது. மறுபக்கம், பிங்குக்குப் பதில் சொல்வது கெர்னல் (இயங்குதளத்தின் அடிப்பகுதி). மேலே டேட்டாபேஸ் உறைந்து கிடந்தாலும் அது பாட்டுக்குச் சொல்லும். பவர்ஷெல்லில் டெஸ்ட்-நெட்கனெக்ஷன் இருக்கிறது. ஃபைல் சர்வருக்கு 445, ரிமோட் டெஸ்க்டாப்புக்கு 3389 என்று போர்ட்டைக் (அந்தச் சேவை கேட்டுக்கொண்டிருக்கும் எண்) கொடுத்துக் கேளுங்கள்.