முழங்கால் என்று நினைத்தேன், முதுகாம்

எனக்கு 58 வயது. இரண்டு முழங்கால்களிலும் தேய்மானம். ஆகையால் வலது காலில் எது வலித்தாலும் பழியை முழங்கால் மீதே போட்டேன். வெள்ளவத்தையிலிருந்து புறக்கோட்டைக்கு 100 ஆம் இலக்க பஸ்ஸில் உட்கார்ந்து போனால், இறங்கும்போது முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் மிளகாய் பூசியதுபோல் எரியும், பெருவிரல் விறைக்கும். தேய்மான வலி நடந்தால் கூடும், உட்கார்ந்தால் தணியும். இதுவோ தலைகீழ். அதைக் கவனிக்காமல் நான்கு மாதம் வலி மாத்திரை விழுங்கியதில் வயிறுதான் புண்ணாயிற்று.

என்பியல் வைத்தியர் முழங்காலைத் தொடவேயில்லை. மல்லாக்கப் படுக்கவைத்து, காலை மடக்காமல் உயர்த்தினார். பாதி உயரத்திலேயே மின்சாரம் பாய்ந்தது. பெருவிரலைத் தூக்கச் சொல்லி அழுத்திப் பார்த்தார், பலம் குறைவு. எம்ஆர்ஐ படத்தில், இடுப்பின் 4 ஆம், 5 ஆம் முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள மெத்தை போன்ற தட்டு (டிஸ்க்) பிதுங்கி, முதுகிலிருந்து காலின் வெளிப்பக்கமாகப் பெருவிரல்வரை போகும் எல்5 நரம்பின் வேரை அழுத்தியிருந்தது.

இரவில் நரம்பு வலிக்கான மருந்தான பிரிகாபலின் 75 மில்லிகிராம் தந்தார். முதல் வாரம் தலைசுற்றல், பட்டப்பகலில் தூக்கம். திடீரென்று நிறுத்தக்கூடாது என்று எச்சரித்திருந்ததால் பொறுத்துக்கொண்டேன். ஆனால் அதிகம் உதவியது பிசியோதெரபிதான் என்பது என் எண்ணம். அரை மணிக்கொரு தடவை எழுந்து நடந்தேன். தையல் இயந்திரத்தின் முன்னிருந்த தாழ்ந்த முக்காலியையும் விட்டேன். அது மாமியின் சீதனம் என்பதால் வீட்டில் சிறு சண்டை. சிறுநீர் கட்டுப்பாடு இழந்தாலோ, தொடைகளுக்கு நடுவே மரத்தாலோ அன்றே அவசரப் பிரிவுக்கு ஓடச் சொல்லியிருந்தார். அப்படி எதுவும் நேரவில்லை. இரண்டரை மாதத்தில் எரிவு போயிற்று. முழங்கால்கள் மட்டும் படியேறும்போது இன்னும் முணுமுணுக்கின்றன.